பயணத்துக்கு முந்திய சேமிப்பு: பதுளைத் தோட்டங்கள் பற்றிய நாட்குறிப்பு

2025 ஏப்ரல் 2, பதுளை

பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குப் புறப்படும் பெண், கடவுச்சீட்டு, மருத்துவப் பரிசோதனை, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவு ஆகியவற்றுக்காகப் பலமுறை நகரத்துக்கு இறங்கி வருகின்றார். ஆயினும் அதுவரை சேர்த்த பணத்தை, வழக்கமாக இரண்டு ஆண்டுகள் நீளும் ஒப்பந்தக் காலத்தில் எங்கே, எவர் பெயரில் விட்டுச் செல்வது என்ற கேள்வி பெரும்பாலும் பெட்டி கட்டும் வாரத்திலேயே எழுகின்றது. தொகை சிறிது என்பதால் கேள்வியும் சிறிது என்று கருதுவது தவறு. குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்ட தொழிலில், ஓர் இலட்சம் ரூபா என்பது, அந்த 1,350 ரூபாக் கணக்கில், ஒரு சதமும் செலவழிக்காமல் 74 நாட்களுக்கு மேல் கொழுந்து பறித்துப் பெறும் கூலியாகும்.

புறப்படுபவர் கையிலுள்ள பணத்தின் ஒரு பகுதி, முகவர் தந்த முற்பணமாக இருந்தால், சேமிப்பே அன்று என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். இம்மலைகளுக்கு வந்த முதல் தலைமுறையினர் கடனோடுதான் கடல் கடந்தனர். பயணத்துக்காகக் கொடுக்கப்பட்ட முன்பணம் அவர்கள் பெயரில் கடனாக எழுதப்பட்டது. வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால், கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ எனும் சீட்டின்படி புதிய தோட்டம் அதனைத் தீர்க்க வேண்டியிருந்தது. அம்முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்று சில முகவர்கள் புறப்படுமுன் பெண்ணின் கையில் தரும் முற்பணம், அவர் ஒப்பந்தம் முடியுமுன் திரும்பினால் திருப்பிக் கேட்கப்படக்கூடியதாகையால், அதன் நிபந்தனை எழுத்தில் தெளிவாகும்வரை அதனைத் தம் பணமாக எண்ணிப் பகிர்ந்தளிப்பது ஆபத்தானது.

ஏப்ரல் 3, பசறை

தோட்டக் குடும்பங்களுக்கு மிகவும் பழகிய சேமிப்பு நகையே ஆகும். எட்டுக் கிராம் எடையுள்ள பவுண் கணக்கில் வாங்கப்படும் தங்கம், ரூபா வீழும்போது பெறுமதியைக் காத்துக்கொள்வதோடு, எந்த நகரத்திலும் சில மணித்தியாலங்களில் பணமாகவும் மாறக்கூடியது. எனினும் லயத்து, அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பின், அறையிலுள்ள தகரப் பெட்டி அதற்கு ஏற்ற இடமன்று. திருட்டைவிடப் பெரிய காரணம் மலையே. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, லயங்களோடு அவற்றுள் இருந்த மனிதரும் உடைமைகளும் புதையுண்டன. செங்குத்தான சரிவுகளில் வரிசையாக லயங்கள் நிற்கும் மாவட்டத்தில் இந்த இடர் தீர்ந்துவிட்டதாகக் கொள்ள இயலாது.

ஆகவே நகையை வங்கியில் சிறு தொகைக்கு அடகு வைத்துச் செல்வது, வட்டி செலவானாலும், காப்பிடம் தேடும் ஒரு வழியாகின்றது. ஆனால் அடகுக்குத் தவணை உண்டு. தவணை தவறி மீட்கப்படாத நகை ஏலத்துக்குச் செல்லும். அடகுச் சீட்டு யாரிடம் இருக்கும், வட்டியை யார் எந்த மாதத்தில் கட்டிப் புதுப்பிப்பார் என்பவை தீர்மானிக்கப்படாத அடகு, நகையை இழக்கும் வழியாகவே முடியும்.

ஏப்ரல் 5, பண்டாரவளை

வங்கியைப் பற்றிப் பேசும்போது, வைப்பின் பாதுகாப்பையும் அதன் பெறுமதியையும் பிரித்துப் பார்த்தல் அவசியம். தேசிய சேமிப்பு வங்கியிலுள்ள வைப்புகளுக்கு அதன் சட்டத்தின்படி அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் உண்டு. உரிமம் பெற்ற ஏனைய வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் வைப்புக் காப்புறுதித் திட்டத்துக்குள் அடங்கும். அதாவது ஒரு நிறுவனம் முறிந்தால், அங்கே வைப்பிட்ட ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை ஈடு வழங்கப்படும். உரிமமே இல்லாமல் கூடிய வட்டியைக் காட்டிப் பணம் திரட்டுவோரிடம் வைக்கும் பணத்துக்கு இக்காப்பு கிடையாது; 2008 டிசம்பரில் கோல்டன் கீ நிறுவனம் நிலைகுலைந்தபோது, கூடிய வட்டியை நம்பிய வைப்பாளர்கள் பல ஆண்டுகள் நீதிமன்ற வாசலில் நிற்க நேர்ந்தது. வங்கிகளின் வட்டியைவிட வெகுவாக உயர்ந்த ஒரு வட்டியைக் கேள்விப்படும்போது, மத்திய வங்கி வெளியிடும் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் அப்பெயர் உண்டா என்று பார்ப்பதே முதல் வேலையாகும்.

பெறுமதி வேறு விடயம். பணவீக்கம் என்பது பொருட்களின் விலை பொதுவாக உயரும் வேகம். வட்டியிலிருந்து அதனைக் கழித்தால் எஞ்சுவது மெய்வட்டி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. அவ்வேளையில், ஓராண்டுக்கு முன் ஒதுக்கிவைத்த ஓர் இலட்சம் ரூபாவின் வாங்கும் ஆற்றல், வட்டியைச் சேர்க்காது பார்த்தால், ஏறத்தாழ 59,000 ரூபாவுக்குச் சுருங்கியிருந்தது. வங்கி முறியவில்லை, பாசுப் புத்தகத்தில் ஓர் இலக்கமும் குறையவில்லை; ஆயினும் அரிசியும் மாவும் வாங்கச் சென்றவருக்கு இழப்புத் தெரிந்தது. அத்தகைய ஆண்டு அரிது என்பது உண்மை. அதனை மறந்து முழுப் பணத்தையும் ஒரே ரூபாக் கணக்கில் விடுவது விவேகமன்று. 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து வட்டி மீதான நிறுத்திவைத்தல் வரியும் 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக உயர்ந்துள்ளது.

ஏப்ரல் 6

மேற்கண்ட இழப்புக்கு ஒரு மாற்று, புறப்படுமுன்னரே தம் பெயரில் வெளிநாட்டு நாணயக் கணக்கொன்றைத் திறப்பது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களுள் 360 ரூபாவைத் தாண்டியது. டொலராகவே வைத்திருந்தோர் அவ்வீழ்ச்சியிலிருந்து தப்பினர். கையிலுள்ள ரூபாச் சேமிப்புக்கு இது உதவாது. இனி வரவிருக்கும் சம்பளத்துக்கே உதவும்.

ஏப்ரல் 8, ஹப்புத்தளை

வட்டி வீதத்தைவிடக் கனதியான கேள்வி, பணம் யார் கைக்கு எட்டும் என்பதே. கணவரோடு கூட்டுக் கணக்கு திறக்கும்போது, இருவருள் எவரும் தனியே எடுக்கலாம் என்பதும் இருவரும் சேர்ந்தே எடுக்கலாம் என்பதும் படிவத்திலுள்ள ஒரு சிறு தெரிவால் வேறுபடுகின்றன. முதலாவது தெரிவில், இரண்டு ஆண்டுச் சேமிப்பு ஒரே பிற்பகலில் தீரக்கூடும். இரண்டாவதில், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் தாய் திரும்பும்வரை எடுக்க வழியில்லை. நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக் கொடுக்கும் அற்றோணித் தத்துவம், அதாவது ஒருவர் சார்பில் இன்னொருவர் செயற்படுவதற்கான அதிகாரப் பத்திரம், வரம்பு குறிக்கப்படாவிடின் கூட்டுக் கணக்கைவிட ஆபத்தானதாகும்.

தாம் இல்லாத வீட்டில் நடப்பதைப் பற்றிய அச்சத்தைக் குடும்பத்தின் மீதான அவநம்பிக்கை என்று பழிப்பது நீதியன்று. பணத்தைப் பிரித்து வைப்பது வீட்டில் எஞ்சுவோரையும் காக்கின்றது: அன்றாடச் செலவுக்கும் மருத்துவத்துக்குமான சில மாதத் தொகை கணவரோ தாயோ எடுக்கக்கூடிய கணக்கில் இருந்தால், எஞ்சியதைத் தமது பெயரில் மட்டும் நிலையான வைப்பாக, அதாவது குறித்த தவணை முடியும்வரை அசையாத வைப்பாக, இடுவதற்கு எவரும் குறைகூற முடியாது. அந்த வைப்புக்குப் பின்னுரித்தாளரை, அதாவது உரிமையாளர் இறந்தால் பணத்தைப் பெறுபவரை, எழுத்தில் நியமிக்கவும் வேண்டும். பிள்ளையின் 18 ஆவது வயதுவரை பூட்டப்படும் சிறுவர் கணக்கு பிறர் கைக்கு எட்டாத இடமேயாயினும், நீண்ட காலப் பணவீக்கம் அதனை அரிக்கும்.

ஏப்ரல் 9, தெமோதரை

பலர் சேர்ந்து தவணையாகக் கட்டி முறைவைத்து எடுக்கும் சீட்டும் ஒரு சேமிப்பே; ஆனால் நடுவில் விட்டுச் செல்லும் சீட்டு, கட்டும் பொறுப்பை வேறொருவர் ஏற்காவிடின், உறவைக் கெடுக்கும். லயத்தோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்டுவதும் பலரின் விருப்பம். வெயிலும் மழையும் படாத ஓர் அறைக்கான அவ்விருப்பம் முற்றிலும் நியாயமானது. ஆனால் 1992 இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரும் நிலம் அரசுடையதாகவே நீடிப்பதால், உறுதிப்பத்திரமில்லாத இடத்தில் எழுப்பும் சுவர் விற்கவோ ஈடு வைக்கவோ இயலாத சொத்தாகவே இருக்கும்.

ஏப்ரல் 11, பதுளை

எல்லாச் சேமிப்பிலும் பெரியது, பெரும்பாலும் கணக்கிலெடுக்கப்படாமலே போகின்றது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஊழியர் சேமலாப நிதிக்கு, தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 சதவீதமும் செல்கின்றன. பெண்கள் அதனை 50 வயதில் பெறலாம். நிரந்தரமாக நாட்டைவிட்டுக் குடிபெயர்வோர் முன்னரே பெறலாம். ஒப்பந்த வேலைக்காகச் செல்வது குடிபெயர்வு ஆகாது. ஆகவே தோட்டத்தில் பெயர் வெட்டப்பட்ட பின்னரும் அப்பணம் நிதியிலேயே இருந்து வட்டி சேர்க்கும், எவர் கையும் அதனைத் தொடாது. இதைவிட நல்ல இடத்தைத் தோட்டப் பெண்ணுக்குக் காட்டுவது கடினம்.

குறை வேறிடத்தில் உள்ளது. தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயரும், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்றும், அடையாள அட்டையில் மூன்றாவது எழுத்துக்கூட்டலுமாகப் பதியப்பட்டிருந்தால், 50 வயதில் உரிமை கோரும்போது அது தன் பணமே என்று அவர் நிரூபிக்க வேண்டியவராகின்றார். தாயோ அக்காவோ புறப்படவிருக்கும் வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் இருந்தால், விமானச் சீட்டு வருமுன் அப்பிள்ளை புறப்படுபவரை அழைத்துக்கொண்டு பதுளைத் தொழில் அலுவலகத்துக்குச் சென்று, அங்கத்துவ இலக்கத்தையும் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒப்பிட்டுத் திருத்தி வைக்க வேண்டும்.