இருக்கிற கேம்ப் போதாதா?

"ஏட்டி, இருக்கிற கேம்ப் போதாதா? இன்னொரு கேம்ப்புக்கு வேற போணுமா?" என்று கேட்டாள் அம்மா. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அம்மா கேட்டதில் தப்பில்லை. நாங்கள் குடியிருந்தது மாட்டுங்கா லேபர் கேம்ப். பெயரில்தான் மாட்டுங்கா, இடம் தாராவி. அப்பா சைக்கிளில் இட்லி விற்கப் போனது செம்பூர் பக்கம். அங்கே ஒரு செம்பூர் கேம்ப் இருந்தது. பிரிவினையின்போது சிந்து பகுதியிலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்திய இடம். ஆக, எங்கள் வீட்டில் கேம்ப் என்றால் வேறு போக்கிடம் இல்லாதவர்கள் தங்குகிற இடம் என்றுதான் அர்த்தம். காசு கட்டி, பத்து நாள் அங்கே போய் இருந்துவிட்டு வருகிறேன் என்று பதின்மூன்று வயதுப் பெண் சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் புரியும்?

அது 1986 மே மாதம். பள்ளிக்கூடம் விட்டால் பம்பாய்த் தமிழர்களில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். நாங்கள் போவதில்லை. இட்லி வியாபாரத்துக்கு லீவு கிடையாது. அம்மா இரண்டு மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள். நான் மூன்று மணிக்கு எழுந்து தட்டில் மாவு ஊற்ற வேண்டும். தங்கை தேங்காய் துருவ வேண்டும். ஐந்தரைக்கு அப்பா சைக்கிளின் பின்னால் அலுமினிய அண்டாவைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புவார். பத்து நாள் நான் இல்லையென்றால் இரண்டு கை குறையும். அம்மாவின் கணக்கு அதுதான். ஆனால் வெளியே சொன்ன காரணம் வேறு: "வயசுக்கு வந்த பிள்ளைய காட்டுல கொண்டுபோய் விடவா?"

எங்கள் டீச்சர்தான் கைடு கேப்டன். வீட்டுக்கே வந்துவிட்டார். உட்கார நாற்காலி இல்லாமல் அரிசி மூட்டைமீது உட்கார்ந்து, அம்மா கொடுத்த நாலு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, "பிள்ளைக்குப் பக்கத்துலயே நான் படுத்துக்கிடுதேன், போதுமா?" என்றார். டீச்சருக்கும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். அம்மாவால் அதற்கு மேல் பேச முடியவில்லை. முப்பது ரூபாயை அப்பா சில்லறையாகவே எண்ணிக் கொடுத்தார். டார்ச் லைட் மட்டும் தெருமுனைக் கடையில் கடன்.

தாதரில் ரயிலேறினோம். கர்ஜத்தில் வண்டியின் பின்னால் இன்ஜின் சேர்த்து மலைமீது தள்ளுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். எல்லாரும் ஜன்னலில் தொங்கி அதைப் பார்த்தோம். லோனாவ்லாவில் இறங்கி, லாரியில் ஒரு மணி நேரம். மரங்களுக்கு நடுவே காக்கிக் கூடாரங்கள். நகரத்தின் பல பள்ளிக்கூடங்களிலிருந்து வந்த அறுபது பெண்கள். மாட்டுங்காவிலிருந்து இங்கிலீஷ் மீடியம் பெண்கள், செம்பூரிலிருந்து பாலக்காட்டுத் தமிழ் பேசுகிறவர்கள், மராத்திப் பெண்கள், குஜராத்திப் பெண்கள், தாராவியிலிருந்து நாங்கள் ஆறு பேர். மூன்று விதத் தமிழ் ஒரே கூடாரத்தில். நான் "அங்கன வை" என்றால் மாட்டுங்காப் பெண்ணுக்குச் சிரிப்பு. அவள் "வெச்சுட்டேன்டி" என்றால் எங்களுக்குச் சிரிப்பு. கடைசியில் எல்லாரும் பம்பாய் இந்தியில் சமாதானம் ஆனோம்.

முதல் நாளே சடங்குகள் ஆரம்பித்துவிட்டன. கைடு உலகம் சடங்குகளால் ஆனது. எட்டு பேருக்கு ஓர் அணி, அணிக்கு ஒரு பூவின் பெயர், நாங்கள் சூரியகாந்தி. மூன்று விரல் சல்யூட். இடது கையால் கைகுலுக்கல். இதில்தான் முதல் தடங்கல். இடது கையை நீட்டினால் எங்கள் வீட்டில் அடிதான் விழும். வீரன் கேடயம் பிடிப்பது இடது கையில். எதிரே நிற்பவனை நம்பிக் கேடயத்தைக் கீழே வைத்தால்தான் அந்தக் கையை நீட்ட முடியும் என்று ஒரு கதை சொன்னார்கள். கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு நாள் வரை வலது கைதான் முந்திக்கொண்டு போயிற்று.

காலையில் விசில். பேடன் பவல் வகுத்த ஆறு உடற்பயிற்சிகள். பிறகு கூடாரச் சோதனை. கம்பளி மடித்த விதம், தட்டு கவிழ்த்த விதம், மூங்கிலையும் கயிற்றையும் கொண்டு நாங்களே கட்டிய செருப்பு ஸ்டாண்டு, எல்லாவற்றுக்கும் மார்க். ஒரு ஆணி அடிக்கக் கூடாது. ரீஃப் முடிச்சு, க்ளோவ் ஹிட்ச் முடிச்சு, இரண்டு கம்புகளைச் சேர்த்துக் கட்டும் கட்டு, அவ்வளவுதான். கொடிக் கம்பத்தின் உச்சியில் மடித்துக் கட்டிய கொடியை ஒரே இழுப்பில் விரியவைக்க வேண்டும். விரியாவிட்டால் அன்று முழுக்கக் கேலி. காலையில் ஸ்கார்ஃபின் நுனியில் ஒரு முடிச்சு போட்டுக்கொண்டு, யாருக்காவது ஒரு நல்ல காரியம் செய்த பிறகே அவிழ்க்க வேண்டும். அறுபது பெண்கள் ஒரு மலைமேல் நல்ல காரியத்துக்கு எங்கே போவார்கள்? விறகு பொறுக்க வந்த ஒரு கிழவியை நாலு அணிகள் போட்டி போட்டுத் துரத்திய காட்சியை மறக்க முடியாது. அவர் பயந்து மறுநாள் அந்தப் பக்கமே வரவில்லை.

கழிப்பறை விஷயம் சொல்ல வேண்டும். பள்ளம் வெட்டி, சுற்றிலும் சாக்குத் துணி கட்டியிருந்தார்கள். மாட்டுங்காப் பெண்கள் அதைப் பார்த்து அழுதார்கள். ஒருத்தி இரண்டு நாள் போகவே இல்லை. எங்களுக்கோ அது ராஜபோகம். லேபர் கேம்ப்பில் பொதுக் கழிப்பறைக்கு விடியுமுன்னே டப்பாவோடு வரிசையில் நின்று, வெளியிலிருந்து கதவைத் தட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லியே பழகியவர்கள் நாங்கள். இங்கே வரிசை இல்லை, யாரும் தட்டவில்லை. படுக்கையும் அப்படித்தான். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஏழு பேர் படுத்த எனக்கு, கையைக் காலை நீட்டினால் யார்மேலும் இடிக்காமல் இருந்தது முதல் இரவு பயமாகக்கூட இருந்தது.

சமையலில்தான் என் கொடி பறந்தது. அணிக்கு ஒரு நாள் சமையல் முறை. ஈர விறகு, மூன்று கல் அடுப்பு, அறுபது பேர். மற்ற அணிகள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றபோது, நான் காய்ந்த சுள்ளியை உள்ளே கூண்டு மாதிரி அடுக்கி ஒரே தீக்குச்சியில் பற்றவைத்தேன். அறுபது பேருக்கு உப்பு எவ்வளவு என்று கைக்குத் தெரியும். அதுவரை தன் வீட்டுப் பருப்புப் பொடியும் வாழைப்பழமுமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்த மாட்டுங்காப் பெண் ஒருத்தி, மூன்றாம் நாள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றாள். யார் சமைத்தது என்று கேட்கவில்லை. பசிக்கு முன்னால் அவள் பாட்டியின் கட்டளை எடுபடவில்லை என்று நினைக்கிறேன்.

அன்று பொங்கலுக்குத் தேங்காய்ச் சட்னி. அம்மா அரைப்பதுபோலவே பொட்டுக்கடலை குறைவாக, பச்சைமிளகாய் தூக்கலாக. செம்பூர்ப் பெண் ஒரு வாய் வைத்ததும் சொன்னாள்: "அய்யோ, எங்காத்துக்கு சைக்கிள்ல ஒரு இட்லி அண்ணா வருவார்டி, ஹாரன் அடிச்சுண்டு. அவரோட சட்னி மாதிரியே இருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்கு முன்பே நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். இரண்டாம் நாள் மதிய ஓய்வில் எல்லாரும் வீட்டுக்குத் தபால் கார்டு எழுத வேண்டும். அது கேம்ப் விதி. அம்மா அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு அண்ணன் படித்துக் காட்டுவார் என்று நினைத்து எழுதினேன். முகவரியில் 'லேபர் கேம்ப், மாட்டுங்கா' என்று போட்டேன். தாராவி என்ற சொல் இல்லாமலே எங்களுக்குக் கடிதம் வந்து சேரும். பக்கத்திலிருந்தவள் எட்டிப் பார்த்து, "நீயும் மாட்டுங்காவா? எந்த ரோடு?" என்றாள். "ஸ்டேஷன் பக்கம்" என்றேன். தாராவிப் பெண்கள் மற்ற ஐவரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களும் அதையேதான் எழுதியிருந்தார்கள்.

ஒரு நாள் புனேவுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே கைடுகளின் உலக மையம் ஒன்று இருக்கிறது. 1966 அக்டோபர் 16 அன்று பேடன் பவலின் மனைவி ஓலேவ் திறந்துவைத்தது. அப்போது உலகத்திலேயே நாலு மையங்கள்தான்: சுவிட்சர்லாந்து, லண்டன், மெக்சிகோ, அதற்கடுத்துப் புனே. பெயர் 'சங்கம்'. மதுரையில் இருக்க வேண்டிய பெயர் இங்கே எப்படி வந்தது என்று நாங்கள் வியந்தோம். வடமொழியிலும் கூடுதல் என்றே பொருள் என்று டீச்சர் விளக்கினார். வெள்ளைக்காரப் பெண்கள் சிலர் எங்களிடம் இடது கையை நீட்டினார்கள். அன்று ஒருவரும் தவறவில்லை.

திரும்பும் வழியில் டீச்சர் பழைய கதை சொன்னார். 1909 இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணச் சிறுவர்களின் அணிவகுப்பில் அழைக்காமலே சில பெண்கள் வந்து நின்றார்களாம், எங்களுக்கும் இது வேண்டும் என்று. மறுவருடம் கைடு இயக்கம் பிறந்தது. 1911 இல் ஜபல்பூரில் இந்தியாவின் முதல் அணி. அந்த அழைக்காத பெண்களை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

தடம் கண்டுபிடிக்கும் விளையாட்டு கடைசி நாளுக்கு முந்தின நாள். கூழாங்கல்லில் அம்புக்குறி, பெருக்கல் குறி போட்டால் இந்த வழி இல்லை. விளையாட்டின் முடிவில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி: வீட்டுக்குப் போய்விட்டேன் என்று அர்த்தம். 1941 இல் இறந்த பேடன் பவலின் கல்லறையிலும் இதே குறிதான். கென்யாவில் நியேரி என்ற ஊரில் இருக்கிறது. அன்றிரவு கேம்ப் ஃபயர். பாட்டு, கூத்து, விதவிதமான கைதட்டல்கள். தாராவிப் பெண்கள் ஆறு பேரும் கும்மி அடித்தோம். மூன்று முறை திருப்பி அடிக்கச் சொன்னார்கள்.

மறுநாள் மாலை தாதரில் இறங்கினோம். ஸ்டேஷனுக்கு வெளியே பெற்றோர்கள் காத்திருந்தார்கள். நான் டீச்சருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். தூரத்திலேயே தெரிந்தது: சைக்கிள், அலுமினிய அண்டா, கைப்பிடியில் கறுப்பு ரப்பர் ஹாரன். மாலை வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு அப்பா நேரே வந்திருந்தார்.

என்னைவிட முன்னால் போன செம்பூர்ப் பெண்தான் அவரை முதலில் பார்த்தாள். "அப்பா, நம்மாத்து இட்லி அண்ணா!" என்று ஓடினாள். "பாப்பா எங்க போயிட்டு வருது?" என்று அப்பா சிரித்தார். கேட்டுக்கொண்டே அவள் தோளுக்கு மேலாக என்னைத் தேடினார். பார்த்தும்விட்டார்.

நான் குனிந்தேன். என் மூட்டையின் கயிறு சரியாகத்தான் இருந்தது. அந்த ரீஃப் முடிச்சை அவிழ்த்தேன். மறுபடி கட்டினேன். மறுபடி அவிழ்த்தேன்.

"சரி பாப்பா, நாளைக்கு வாரேன்" என்று அப்பா சொல்வது கேட்டது. அவர்கள் டாக்ஸியில் ஏறிப் போகும்வரை அவர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"என்னம்மா, கயிறு அவுந்துபோச்சா?"

"ஆமா" என்றேன்.

மூட்டையை வாங்கிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டார். லேபர் கேம்ப் வரை நடந்தே போனோம். அங்கே என்ன சாப்பிட்டாய், குளிராக இருந்ததா, பாம்பு கீம்பு உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் சொன்னேன். சட்னியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. மகள் அரைத்த சட்னியை அறுபது பேர் விரலை நக்கிச் சாப்பிட்டார்கள் என்று கேட்டிருந்தால் அவர் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார். 2011 இல் அவர் இறக்கும்வரை அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவேயில்லை. தங்கை ஒரு கேம்ப்புக்கும் போகவில்லை. நான் இல்லாத பத்து நாளும் மாவு ஊற்றும் வேலையையும் அவளே பார்த்ததாக இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

நான் ஆசிரியை ஆனேன். கைடு கேப்டனும் ஆனேன். இருபது வருடங்களுக்கு மேல் மே மாதங்களில் பெண்களைக் கூட்டிப் போயிருக்கிறேன். இப்போது நான் குடியிருக்கும் செம்பூரில் கோடை முகாம் என்றால் குளிர்சாதன அறையில் ரோபோ செய்வது, கட்டணம் ஆயிரங்களில். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை, குழந்தைகள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுகின்றன என்பதைத் தவிர. வீட்டைவிட்டுப் பத்து நாள் தள்ளிப் போனால்தான் வீடு என்னவென்று கண்ணில் படும்.

எங்கள் கேம்ப்பில் தபால் கார்டு நின்றுபோய்விட்டது. வந்த அன்று மாலை ஒரு படிவம் கொடுப்போம்: பெயர், ரத்த வகை, பெற்றோர் கைபேசி எண், முகவரி. அணி அணியாகத் தரையில் உட்கார்ந்து எழுதுவார்கள். தாராவியிலிருந்து வந்த பெண்கள் யாரென்று எனக்குத் தெரியும். நடந்துகொண்டே எட்டிப் பார்ப்பேன். சிலர் தாராவி என்றே எழுதுவார்கள். பாதிப் பேர் சயான் என்றோ மாஹிம் என்றோ எழுதுவார்கள். ஒருத்தியையும் நான் திருத்தியதில்லை.