வக்கீலைக் கேட்பது குற்றமல்ல

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் நான் வக்கீல் குமாஸ்தா. கன்டெய்னர் யார்டில் சரக்கு காணாமல் போன விவகாரத்தில் காசிமேட்டுப் பையன் ஒருவனை விசாரணைக்கென்று கூட்டிப் போயிருந்தார்கள். சீனியரோடு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். மேசைமேல் நான்கு வெள்ளைத்தாள்கள். ஒன்றிலும் ஓர் எழுத்துகூட இல்லை. அடியில் மட்டும் அவன் கையெழுத்து. “போட்டா விட்டுடறோம்னாங்கண்ணா” என்றான்.

சீனியர் குரலை உயர்த்தவே இல்லை. “எந்தக் கேஸ்? எத்தனை மணிக்குக் கூட்டிவந்தீங்க?” என்று கேட்டார். பதில் வரவில்லை. அந்தத் தாள்களைக் கிழிக்கச் செய்தார். சாயங்காலம் பையன் வீட்டில் இருந்தான்.

தம்பி, தங்கச்சிகளே, வக்கீலின் வேலை உங்களுக்குப் பதில் சொல்லிக்கொடுப்பதல்ல. நடப்பதைப் பார்ப்பதும், நேரத்தைக் கேட்பதும், உங்கள் உடம்பில் காயம் இருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் சொல்வதும்தான். 2020 ஜூன் 19 இரவு சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குள் போலீஸ் பிடித்துவைத்த ஜெயராஜும் மகன் பென்னிக்சும் இருந்தார்கள். வக்கீல்கள் வாசலில் நின்றார்கள், உள்ளே விடவில்லை. காவலில் அடிபட்ட அப்பனும் மகனும் சில நாட்களில் இறந்துபோனார்கள். அந்த வாசலை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வராது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கைதானவர் தனக்குப் பிடித்த வக்கீலைக் கலந்து பேசலாம் என்கிறது அரசியல் சட்டம் 22(1). தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் பதிலைச் சொல்லக் கட்டாயமில்லை என்கிறது 20(3). அந்தப் பாதுகாப்பு போலீஸ் விசாரணையிலேயே தொடங்கிவிடும் என்று 1978-இல் நந்தினி சத்பதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 38-வது பிரிவு, கைதானவரை விசாரிக்கும்போது அவர் வக்கீலைச் சந்திக்கலாம் என்கிறது. முழு நேரமும் வக்கீல் கூடவே இருக்க முடியாது. இந்தக் குறையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கைது செய்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே அடிபட்டதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

“தப்பு செய்யாதவனுக்கு வக்கீல் எதுக்கு?” என்று கேட்பார்கள். தப்பு செய்யாதவனுக்குத்தான் முதலில் தேவை. கையில் காசில்லையா? இலவச சட்ட உதவிக்கு 15100. இன்றே போனில் பதிந்து வையுங்கள். அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். வெற்றுத்தாளில் மட்டும் எவர் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.