சுற்றுலாப் பேருந்தும் அஸர் தொழுகையும்



மண்டகப்பட்டிலிருந்து குடும்பத்துடன் சென்னை சென்று, நகர் சுற்றும் பேருந்தில் ஏறினோம். 150 கிலோமீட்டர் கடந்த பயணம். ஆகவே கஸ்ர் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபினர் லுஹருடன் அஸரைச் சேர்த்தே தொழுதுவிடலாம். ஹனஃபிகளாகிய எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அஸர் வேளையில் பேருந்து எங்கே நிற்கும் என்பதே எங்கள் கவலை. பிள்ளைகளின் கவலையோ ஐஸ்கிரீம்!

சேப்பாக்கத்தில், "அரசு அலுவலகம்" என்ற ஒரே சொல்லோடு வழிகாட்டி முடித்துக்கொண்டார். அது 1768-இல் ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா எழுப்பிய மாளிகை என்பதைப் பிள்ளைகளுக்கு நாங்களே சொன்னோம். செஞ்சிக் கோட்டையில் அவர்கள் கண்ட பள்ளிவாசலுக்குரிய சஆதத்துல்லா கானும் ஆற்காட்டு நவாபே.

மெரினாவில் ஒரு மணி நேரம் கிடைத்தது. ஆட்டோ பிடித்துத் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலை அடைந்தோம். ஜமாஅத் முடிந்திருந்தது, இரண்டு ரக்அத்தாகத் தொழுதோம். 1795-இல் கட்டப்பட்ட அப்பள்ளி, மரமும் இரும்பும் இன்றிக் கருங்கல்லால் ஆனதென்பர்.

"நம்மூர்க் குடைவரை மாதிரியா அத்தா?" என்றான் இளையவன். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இன்றிச் செய்ததாக மகேந்திரவர்மரின் கல்வெட்டு அங்கே கூறுவதை அவன் மறக்கவில்லை. கல்லைத் தடவியபடி நின்ற அவனை இழுத்துக்கொண்டு ஓடினோம். ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.