தளம் தட்டிய காலம்

எண்பதுகளில் சென்னைப் புறநகரான பெருங்களத்தூரில் எந்த வீட்டு வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது காதிலேயே தெரிந்துவிடும். கான்கிரீட் போடும் நாளில் காலையிலிருந்து இரவுவரை ஒரே இரைச்சல், மறுநாள் அடங்கிவிடும். சில வாரம் கழித்து மொட்டை மாடியிலிருந்து ‘டப் டப்’பென்று கட்டை விழும் சத்தம் தொடங்கும். தளம் தட்டுகிறார்கள். இனி கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கலாம்.

ஜி.எஸ்.டி. சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்த காலம் அது. ரயில்வேயில், பேங்கில், கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் லோன் போட்டு அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு வாங்கினார்கள். பீர்க்கன்காரணை ஏரிப் பக்கம் போனால் வயலுக்கு நடுவில் மனைக் கற்கள் நட்டிருக்கும். வீடுகள் தூரத்துக்கு ஒன்றாக எழும்பிய அந்த வெட்டவெளியில் கட்டைச் சத்தம் நெடுந்தூரம் கேட்டது.

தளம் தட்ட வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் செஞ்சிப் பக்கத்துக்காரர்கள். செங்கல்லை உடைத்து ஜல்லியாக்கி, நீர்த்த சுண்ணாம்போடு புரட்டிக் குவித்து, சில நாள் புளிக்க விடுவார்கள். பிறகு அதை மாடியில் மூன்று நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்புவார்கள். மழைத் தண்ணீர் தூம்புக் குழாய்க்கு ஓடும்படி வாட்டம் பார்ப்பது மேஸ்திரியின் வேலை. அதன்பின் பெண்கள் வரிசையாகக் குந்தி, கைக்கு அடக்கமான மரக்கட்டையால் தட்டிக்கொண்டே பின்னோக்கி நகர்வார்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் கட்டையாலேயே தாளம் சேர்ப்பார்கள். பக்கத்தில் ஒரு பீப்பாயில் கடுக்காயும் வெல்லமும் ஊறும். அந்தத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்ட வேண்டும். துவர்ப்பும் இனிப்பும் கலந்த அந்த நெடி வீடு முழுக்க இறங்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது சுண்ணாம்பு அரித்த விரல் நுனிகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். என் அம்மா அதற்கென்றே ஒரு கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி மாடிப்படியில் வைத்திருப்பார்.

நாள் கணக்கில் இப்படித் தட்டிய பிறகு, மேஸ்திரி கட்டையைத் தளத்தில் ஓங்கிப் போடுவார். குழி விழாமல் கட்டை துள்ளி எழுந்தால் வேலை முடிந்தது. அதன் மேல் சிவப்புத் தட்டோடுகளைப் பதித்து இடுக்குப் பூசுவார்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த வேலை அல்ல. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இன்னும் மிஞ்சியிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், தேக்கு விட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துக்கல்லாக நிறுத்தி, அதற்கு மேல் இதே செங்கல் ஜல்லி சுண்ணாம்பைத்தான் தட்டியிருக்கிறார்கள். தேக்கின் இடத்துக்குக் கான்கிரீட் வந்த பிறகும் மேலே இருந்த போர்வை மாறவில்லை. சுண்ணாம்புத் தளம் போடும் முறைக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 3036 இருக்கிறது.

வெறும் கான்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் அதைக் கீழே இறக்கும். ஃபேன் போட்டால் அனல்தான் வரும். சுண்ணாம்புத் தளம் அந்தச் சூட்டைக் குறைத்தது, தாமதப்படுத்தியது. மீதியை மற்ற பழக்கங்கள் பார்த்துக்கொண்டன. பங்குனியிலேயே ஓட்டின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்போம். வசதிப்பட்டவர்கள் மாடியில் கீற்றுக் கொட்டகை போடுவார்கள். வெயில் கூரையைத் தொடாமல் தடுக்க அதைவிட நல்ல வழி இன்றுவரை நான் காணவில்லை. ராத்திரி பாயை விரித்து மாடியில் படுத்தால், சில நாள் வண்டலூர்க் காட்டுப் பக்கமிருந்து மிருகக்காட்சி சாலைச் சிங்கத்தின் கர்ஜனை கேட்கும்.

எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரை எரிந்து 94 குழந்தைகள் கருகிய பிறகு, கீற்றைப் பார்த்தாலே எல்லோருக்கும் பயம் வந்தது. அந்தப் பயம் நியாயமானது. அதற்கு முன்பே சுண்ணாம்பு போயிருந்தது. நாள் கணக்கில் தட்ட ஆளும் இல்லை, பொறுமையும் இல்லை.

எங்கள் புறநகருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. “பையன் தலையெடுத்ததும் மேலே மாடி எடுப்போம்” என்று எல்லா வீட்டிலும் தூண் கம்பியை நீட்டி விட்டார்கள். எப்படியும் மாடி வரப்போகிறதே, தட்டோடு எதற்கு என்று தளத்தை அப்படியே விட்டார்கள். பையன்கள் சோழிங்கநல்லூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். கம்பி துருப்பிடித்தது, மாடி வரவில்லை. 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானபோது, எத்தனையோ குடும்பங்கள் போர்வையில்லாத கான்கிரீட்டுக்குக் கீழேதான் வெந்தன. எதிர்காலத்தில் வரப்போகும் ஒரு மாடிக்காக நிகழ்காலத்தின் தூக்கத்தைப் பறிகொடுத்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

அந்தப் பெண்களை இனிக் கூப்பிட முடியாது. அவர்கள் செய்ததன் நோக்கத்தை மட்டும் விட வேண்டியதில்லை. மத்திய அரசின் ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற 2018ஆம் ஆண்டு வீட்டு விதிமுறை, கூரை வழியே ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கக் கூடாது என்கிறது. ஆறு அங்குல வெறும் கான்கிரீட் அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் விடும். சுண்ணாம்புத் தளம் மட்டுமே இருந்தாலும் அந்த எல்லைக்குள் வராது. இதை மறைப்பதில் பயனில்லை. எக்ஸ்பிஎஸ் எனப்படும் கெட்டியான நுரைப் பலகை ஓர் அங்குலம் போட்டாலே கணக்கு உள்ளே வந்துவிடும். இரண்டு அங்குலம் போட்டால் பாதியாகக் குறையும்.

ஆனால் அதைத் தளத்துக்கு மேலேதான் போட வேண்டும். கீழே ஃபால்ஸ் சீலிங் அடித்து கண்ணாடிப் பஞ்சை அடைத்தால் அறைக்குச் சூடு குறையும். கான்கிரீட்டோ வெயிலில் காய்ந்து, இரவில் சுருங்கி, விரிசல் விட்டுக்கொண்டே இருக்கும். முதலில் நீர்க்கசிவுத் தடுப்பு, அதன் மேல் பலகை, அதன் மேல் கம்பி வலை வைத்த கலவை, வாட்டம், கடைசியில் வெள்ளை ஓடு. நாளைக்கு மாடி எடுக்கும் நாள் வந்தால் பெயர்த்துக்கொள்ளலாம்.

வீடு கட்டுகிறவர்களும், கம்பி நீட்டிய பழைய வீட்டில் இருப்பவர்களும், இந்தக் கோடைக்கு எத்தனை டன் ஏசி என்று விசாரிப்பதற்கு முன்னால் தளத்துக்கு மேல் என்ன இருக்கிறது என்று ஒருமுறை ஏறிப் பாருங்கள். ஒன்றுமில்லை என்றால், அந்தச் செலவை முதலில் செய்யுங்கள்.