பிறந்தநாளை மாற்றிக்கொண்டோம்

எனது அடையாள அட்டையில் பிறந்த திகதி மே 17 என்று இருக்கிறது. அந்தக் கிழமை என்ன கிழமை என்று இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2009 மே 15 ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் செல் பட்டு என் தம்பி போய்விட்டான். அவனைக் கிடத்திய இடத்தில் ஒரு தடிகூட நட்டுவிட்டு வர முடியவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வட்டுவாகல் பாலத்தால் வந்தேன். அன்று எனக்குப் பிறந்தநாள் என்பது எனக்கே நினைவில்லை. செட்டிகுளம் முகாமில் பதியும்போது பிறந்த திகதி கேட்டார்கள். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அவ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றா.

என் கணவர் அதற்கு முன்பே மாத்தளனில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்து, செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் ஏற்றப்பட்டுவிட்டார். ஆறு மாதம் கழித்துத்தான் அவரைக் கண்டேன். உயிரோடு கண்டேனே, அது போதும் என்றிருந்தேன்.

மீளக்குடியமர்ந்து நாலைந்து வருடத்துக்குப் பிறகு ஒரு மே 17 ஆம் திகதி இவர் சின்னக் கேக் ஒன்று வாங்கி வந்துவிட்டார். நல்ல மனதோடுதான் வாங்கினார். அம்மா பெட்டியைப் பார்த்தா, ஒன்றும் பேசவில்லை. போய்த் தம்பியின் படத்துக்கு முன்னால் இருந்த விளக்குக்கு எண்ணெய் விட்டா. நான் இவரோடு நன்றாகச் சண்டை பிடித்தேன். "உங்களுக்கு அறிவில்லையோ" என்றுகூடக் கேட்டுவிட்டேன். பெட்டியைத் திறக்கவே இல்லை. அடுத்த நாள் அயல் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்தோம். அன்றிரவு இவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "நீர் பிறந்ததுக்கு நான் சந்தோசப்படக் கூடாதோ?"

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அம்மாவிடம்தான் இருந்தது. கொஞ்ச நாள் கழித்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருக்கையில் தானாகச் சொன்னா. "பிள்ளை, திகதி கந்தோர்க்காரருக்கு. நீ வைகாசி உத்தரம். விசாகத்துக்கு நாலு நாள் முந்தி வரும். சின்னனிலை உனக்கு அண்டைக்குத்தானே அர்ச்சனை செய்தனாங்கள்? அண்டைக்கு மனுசனோடை எங்கையாவது போட்டு வா."

அன்றிலிருந்து எனக்குப் பிறந்தநாள் நட்சத்திரத்தில்தான். அது ஒவ்வொரு வருடமும் வேறு திகதியில் வரும். 2024 இல் பாருங்கள், மே 18 ஆம் திகதியிலேயே வந்து விழுந்தது. அந்த வருடம் எங்கும் போகவில்லை. முள்ளிவாய்க்காலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு, கஞ்சி குடித்துவிட்டு வந்தோம். 2022 இலும் போகவில்லை. அது வேறு காரணம். பெற்றோல் வரிசையில் நின்றதுதான் அந்த வருடத்துப் பயணம்.

எங்கள் பயணங்கள் பெரிதல்ல. இரணைமடுக் குளக்கட்டு, பூநகரிக் கோட்டை, அவ்வளவுதான். தூரம் போக முடியாததற்குக் காரணம் காசு மட்டுமல்ல, இவருடைய கால். சாதாரண மோட்டார் சைக்கிளில் கியர் மாற்றுவது இடது காலால். அதனால் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்றை லீசிங்கில் எடுத்தோம். ஆனால் வெயிலில் அரை மணித்தியாலம் ஓடினால் செயற்கைக் காலுக்குள் வியர்த்து, சொக்ஸ் நனைந்து, தோல் உரசிப் புண்ணாகிவிடும். இறங்கி, காலைக் கழற்றி, துடைத்துக் காற்றுப் பிடிக்க விடவேண்டும். ஒரு துவாயும் மாற்றுச் சொக்சும் என் கைப்பையில் எப்போதும் இருக்கும். முதலில் றோட்டோரம் கழற்ற வெட்கப்பட்டார். இப்போது நிழலான மரம் எங்கெங்கே நிற்கிறது என்று இருவருக்கும் பாடம்.

ஒரு விடயத்தை மறைக்காமல் எழுதவேண்டும். ஆரம்பத்தில் நாங்கள் பின் ஒழுங்கையால்தான் வெளிக்கிட்டோம். பக்கத்து வளவு அக்காவின் கணவர் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது போய் இருந்தவர்களில் அவவும் ஒருத்தி. அவவின் படலைக்கு முன்னால் புருசனுக்குப் பின்னால் ஏறியிருந்து போக எனக்கு மனம் வரவில்லை. ஒருநாள் அவவே மறித்துக் கேட்டா. "ஏனடி ஒளிச்சுப் போறாய்? உன்ரை மனுசனை நான் பறிக்கப்போறனோ? வரேக்கை எனக்குத் தட்டைவடை வாங்கிக்கொண்டு வா." அதற்குப் பிறகு முன் ஒழுங்கைதான்.

2025 இல் உத்தரம் யூன் 4, புதன்கிழமை. வற்றாப்பளைப் பொங்கல் நெருங்கிய நாட்கள். அம்மா விடியவே எழும்பி புட்டு அவித்து, முட்டைப் பொரியலும் சம்பலும் வைத்து வாழையிலையில் கட்டித் தந்தா. "இந்த முறை சங்குப்பிட்டிப் பாலம் மட்டும் போவம்" என்றார் இவர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பாலத்தால் பஸ்ஸில் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். ஜன்னல் பக்கம் இருந்ததில்லை.

1996 ஏப்ரலில், பதினெட்டு வயது முடியாத எனக்கு, அந்தக் கடல்நீரேரியைக் கிளாலியிலிருந்து இரவில் கடந்த நினைவு இருக்கிறது. நாலைந்து வள்ளங்களைக் கயிற்றால் தொடுத்து ஒரு இயந்திரம் இழுத்தது. தம்பி என் மடியில். அவன் இருமாமல் இருக்க வாயைப் பொத்தியபடி வந்தேன்.

பரந்தனில் ஒரு தரம், பூநகரியில் ஒரு தரம் நின்று போனோம். சோளகம் நல்ல வேகம், ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் தள்ளியது. 288 மீற்றர் பாலம். 2011 ஜனவரியில் திறந்தது. ஸ்கூட்டரில் கண்மூடித் திறக்குமுன் முடிந்துவிடும். இவர் வேண்டுமென்றே மெதுவாக ஓடினார். கரையில் நிறுத்தி, காலைக் கழற்றிவைத்துவிட்டு இருந்தார். கடலுக்குள் தடிகள் நட்டு வலை கட்டியிருந்தது. நான் கிழக்கே கிளாலிப் பக்கம் கையைக் காட்டி, வள்ளத்தின் கதையைச் சொன்னேன். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் முதற்தரம். "என்ரை கை நோகுது அக்கா எண்டு அவன் ஒருக்காலும் சொல்லேல்லை, நான்தான் இறுக்கிப் பிடிச்சிருந்தன்" என்றேன். அழுதேன். இவர் ஒன்றும் சொல்லாமல் புட்டுப் பொதியை அவிழ்த்து என் முன்னால் வைத்தார். பசித்தது. சாப்பிட்டேன். முட்டைப் பொரியலில் அம்மா உப்பைக் கூடப் போட்டுவிட்டா என்று சிரித்தோம்.

திரும்பும்போது அரைக் கிலோ இறால் வாங்கினோம், தட்டைவடையும்தான். அக்கா படலையில் நின்றா. பொதியை வாங்கிக்கொண்டு கேட்டா. "முந்தி பாதை ஓடின இடம் தெரியுதோ? கலியாணம் முடிச்ச புதிசிலை அவரோடை அதிலைதான் யாழ்ப்பாணம் போனனான். அடுத்தமுறை நானும் வாறன். உன்ரை கொம்மாவையும் ஏத்து. ஓட்டோ பிடிப்பம்."

இவர் உடனே ஓட்டோக் கூலியைக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அக்கா பாதி தருவதாகச் சொன்னா. அம்மா உள்ளேயிருந்து, "நான் முன் சீற்றிலை இருக்கமாட்டன்" என்றா.