கோலி சோடாவும் ஒரு மன்னிப்பும்

"வெளியே சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாது" என்று சொல்லாத அம்மா உண்டோ? நானும் நாலு வருஷம் அதையே மந்திரம் மாதிரி ஜபித்துக்கொண்டிருந்தவள்தான். ஜபித்தது மட்டுமில்லை, ஒரு பெரியவரை நாலு பேர் முன்னால் நிற்க வைத்துத் திட்டியும் இருக்கிறேன். இதைப் படிக்கும் இளம் தாய்மார்களாவது அந்தத் தப்பைச் செய்யாமல் இருக்கட்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

2011-ம் வருஷம், சித்திரைத் தேர். ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் என்றால் சுற்றுவட்டாரக் கிராமங்களே திரண்டு வந்துவிடும். வெயில் மண்டையைப் பிளந்தது. என் பிள்ளைக்கு அப்போது ஏழு வயசு. "அம்மா, சோடா!" என்று புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். அடையவளஞ்சான் வீதியை ஒட்டிய ஒரு சந்தில், வீட்டு முன்புறத்திலேயே மெஷின் போட்டு கோலி சோடா தயாரிக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். ஆளுக்கு ஒரு பன்னீர் சோடா குடித்தோம். கோலி உள்ளே இறங்கிய சத்தத்துக்கே பிள்ளைக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

மூன்றாம் நாள் ஜுரம். சாதத்தைக் கண்டாலே குமட்டல். ஆறாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. காமாலை!

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே அந்தச் சந்துக்குப் போனேன். "என்ன தண்ணியைக் கலந்து விக்கிறீங்க? குழந்தை உயிரோட விளையாடறீங்களா?" என்று கத்தினேன். சோடா குடிக்க வந்தவர்கள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தார்கள். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "அம்மா, உள்ளே வந்து ஒரு தடவை பாருங்க" என்றார், அவ்வளவுதான். நான் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே டாக்டர் என் வாயை அடைத்துவிட்டார். "தண்ணீர், சாப்பாடு வழியாக வரும் இந்தக் காமாலைக் கிருமி உள்ளே போன உடனே வேலையைக் காட்டாது. இரண்டு வாரத்திலிருந்து ஏழு வாரம் வரைக்கும் ஆகும். சராசரியாக நாலு வாரம். போன வாரம் குடித்த சோடா காரணமாக இருக்கமுடியாதும்மா. போன மாசம் எங்கே போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், யோசியுங்கள்."

யோசித்தேன். பங்குனியில் வெளியூரில் ஒரு கல்யாணம். அங்கே ஐஸ் கட்டி மிதக்க மிதக்க ஜூஸ் கொடுத்தார்கள். நானே என் கையால் பிள்ளைக்கு இரண்டு டம்ளர் வாங்கிக் கொடுத்தேன். அதுதான் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சோடாக்காரர் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

பிள்ளை ஓய்விலும் கஞ்சியிலும் மெள்ளத் தேறினான். நான்தான் தேறவில்லை. ஹோட்டல், கடை, திருவிழா ஸ்டால் எல்லாவற்றுக்கும் ஒரே தடை. அந்தச் சந்துப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போவேன்.

2015 கோடையில் ஒருநாள் என் மாமியார், எழுபத்தெட்டு வயசு, திடீரென்று, "எனக்கு ஒரு பன்னீர் சோடா குடிக்கணும்போல இருக்குடி" என்றார்.

"வேண்டாம்மா, உடம்புக்கு ஆகாது."

"யாருக்கு ஆகாது? எனக்கா, உனக்கா? நாலு வருஷமா அந்தச் சந்து வழியா வராம சுத்திண்டு போறே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிண்டியா? பழி சொன்ன வாய்தான் போய்ச் சரி பண்ணணும்."

சுருக்கென்றது. மறுநாள் காலை போனேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன். அவர்தான் முதலில் பேசினார்: "பையன் எப்படிம்மா இருக்கான்?" அப்புறம் எனக்குப் பேச்சு எங்கே வரும்? அழுகைதான் வந்தது. டாக்டர் சொன்னதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அந்த மாசம் நாலஞ்சு வீட்டுக்காரங்க வாங்கறதை நிறுத்திட்டாங்க. அப்புறம் வந்துட்டாங்க. விடுங்க" என்றார். விட்டுவிடுகிற விஷயமா அது? கோடை மூன்று மாசம்தானே அவருக்குச் சம்பாத்தியம்!

அன்றைக்கு உள்ளே போய்ப் பார்த்தேன். பாட்டில்களை பிரஷ் போட்டுத் தேய்த்து, இரண்டு தண்ணீரில் அலசிக் கவிழ்த்திருந்தார். சிரப்பும் வடிகட்டிய குளிர்ந்த நீரும் ஊற்றி மெஷினில் மாட்டி, காஸைத் திறந்து, பாட்டில் தலைகீழாக வரும்படி சுற்றுகிறார். கோலி கழுத்துக்கு வந்து, காஸின் அழுத்தத்தால் ரப்பர் வளையத்தில் அழுந்தி அடைத்துக்கொள்கிறது. மூடியே வேண்டாம்! இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் 1872-ல் காப்புரிமை வாங்கிய பாட்டில் இது. "தண்ணி எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு காஸ் பிடிக்கும்" என்று ரகசியமும் சொல்லிக்கொடுத்தார்.

பெரிதாக வளர்ந்த சோடா கம்பெனிகளும் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1916-ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் இன்றும் நிற்கிறது. கோக்க கோலா 1977-ல் நாட்டை விட்டுப் போயிற்று, 1993-ல் திரும்பி வந்தது. 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின், மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானம் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, உள்ளூர் சோடாவுக்கு ஏகக் கிராக்கி. நம் பெரியவரிடமும் கூடுதலாகக் கேட்டார்கள். "என்னால கழுவ முடிஞ்ச அளவுதான் பாட்டில் போடுவேன்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

பிரான்ஸ் தேசத்தில் ஷாம்பேன் என்று ஒரு வட்டாரம். நுரை பொங்கும் திராட்சை மதுவுக்குப் பெயர் போனது. பெரிய கம்பெனிகள் பல தோட்டங்களிலிருந்து திராட்சை வாங்கித் தயாரிக்கும். தன் தோட்டத்துப் பழத்தில் தானே தயாரிக்கிற சிறு விவசாயியின் பாட்டிலில் 'ஆர்.எம்.' என்று இரண்டு எழுத்து பொடியாக இருக்குமாம். விஷயம் தெரிந்தவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். அந்தச் சரக்கு நமக்கு வேண்டாம்; அந்தப் பழக்கம் வேண்டும். யார் செய்தது, எப்போது செய்தது என்று கேட்கிற பழக்கம்.

சின்னத் தயாரிப்பாளர் என்பதால் மட்டும் நல்லவர் ஆகிவிட மாட்டார். காஸ் ஏற்றினால் காமாலைக் கிருமி செத்துவிடும் என்பதும் தப்பு. ஐஸில் உறைந்தாலும் அது சாகாது. நன்றாகக் கொதித்தால்தான் சாகும். ஆகவே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பாட்டில் எப்படிக் கழுவுகிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். லேபிள் ஒட்டிய பாட்டிலானால் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், தயாரித்த தேதி இரண்டையும் பாருங்கள். வெயிலில் அடுக்கிய கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், வெடிக்கும். கோலியைத் தள்ளும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள். காமாலைக்குத் தடுப்பூசி உண்டு. குழந்தைக்கு ஒரு வயசு நிறைந்ததும் டாக்டரைக் கேளுங்கள். சர்க்கரை விஷயமும் இருக்கிறது: பெரியவர்களுக்கே நாளைக்கு 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கலர் பாட்டிலிலேயே அதில் பெரும்பங்கு போய்விடும். இரண்டு வயசுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே வேண்டாம்.

ஹோட்டல் தடையையும் அந்த வருஷமே நீக்கிவிட்டேன். ஆனால் பருவம் பார்த்துப் போகிறோம். எங்கள் ஊரில் பெருமாளே அப்படித்தானே? ஆனியில் ஜேஷ்டாபிஷேகம் முடிந்த மறுநாள் பெரிய திருப்பாவாடை. அன்னத்தோடு மாவும் பலாவும் வாழையும் நெய்யும் அமுது செய்யப்படும். அது பழக் காலம்!

சித்திரை, வைகாசியில் நுங்கு, வெள்ளரி, மாங்காய்ப் பச்சடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஐஸ் போட்ட எதுவும் கிடையாது. பச்சைச் சட்னியைக்கூட ஒதுக்கிவிட்டு, கண்ணெதிரே கல்லிலிருந்து இறங்கும் தோசைதான். திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸ் நெய் ரோஸ்ட் ஊரறிந்ததாயிற்றே. சுடச்சுட வருவதைச் சுடச்சுடச் சாப்பிட்டு எழுந்துவிடுவோம். மார்கழி, தையில் வெண்பொங்கல், மொச்சை, அவரை. எந்த ஹோட்டலில் உட்கார்ந்தாலும் என் முதல் கேள்வி, "இன்னிக்கு என்ன காய் வந்தது?" என்பதுதான். பளிச்சென்று பதில் வந்தால் சாப்பாடு சொல்வேன். கார்த்திகையில் மாம்பழ ஜூஸ் இருக்கிறது என்றால், அது டின்னிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அன்று ஒரு பாட்டில் பன்னீர் சோடா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாமியார் கட்டைவிரலால் கோலியை அழுத்திப் பார்த்தார், முடியவில்லை. பிள்ளைதான் தள்ளிக் கொடுத்தான். ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினார்.

"நீயும் குடி. இனிமே அந்தச் சந்து வழியாவே கோவிலுக்குப் போகலாம். எனக்கும் நடை குறையும்."