பின்னிருந்து தாளம் காத்தவர்

ஜூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருக என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, பழந்தமிழ் இலக்கியம் பற்றியோ எமது கல்லூரியின் பழைய அதிபர்களைப் பற்றியோ நாலு பக்கங்களையே அவர்கள் எம்மிடம் எதிர்பார்த்திருப்பர். அவற்றை எழுதவல்லார் பலர் உளர். நாமோ லிவர்ப்பூல் நகரத்து முரசொலிப்பவர் ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்தோம். இதற்குக் காரணம் எமது இடக்கை.

நாம் பிறவியில் இடக்கைப் பழக்கமுடையோம். ஏடு தொடக்கிய நாளில், பரப்பிய அரிசியை நோக்கி எமது இடக்கை விரல் சென்றதையும், அப்பாச்சி அதனை விலக்கி வலக்கை விரலைப் பிடித்து எழுதுவித்ததையும் வீட்டார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இக்கல்லூரிக்கு வருமுன் பயின்ற ஊர்ப் பாடசாலையிலே, அப்பாச்சி தொடங்கிவைத்த திருத்தத்தைப் பிரம்பு நிறைவேற்றியது. எழுத்து வலக்கைக்கு வந்தது, உணவும் வந்தது. மேசையில் தாளம் போடும் விரல்கள் மாத்திரம் வர மறுத்துவிட்டன.

1964 ஆம் ஆண்டிலே நாம் விடுதி மாணவர். இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் பீற்றில்ஸ் என்னும் நால்வரின் பாட்டுக்கள் அடிக்கடி வரும். சொற்களில் பாதி எமக்கு விளங்கா. விளங்கியது பின்னாலிருந்து வந்த அந்த அடியே. இராப்படிப்பு வேளையில் அதனை மேசையிலே தட்டியமைக்காக நாம் பெற்ற பரிசுகளை இங்கு விரிப்பது மலருக்கு அழகன்று. ஆண்டுகள் பல கழிந்தபின், அந்த முரசொலிப்பவரும் பிறவியில் இடக்கையர் என்றும், அவரையும் அவருடைய பாட்டியாரே வலக்கைக்கு மாற்றினார் என்றும், அவரே கூறியதாக வாசித்தபோது, எமது வியப்புக்கு எல்லையில்லை. அன்றிலிருந்து அவருடைய வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தோம்.

றிங்கோ ஸ்ரார் என உலகறிந்த அவருடைய இயற்பெயர் றிச்சார்ட் ஸ்ரார்க்கி. 1940 ஆம் ஆண்டு யூலை 7 ஆந் திகதி, லிவர்ப்பூலின் டிங்கிள் என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியிலே பிறந்தார். தந்தையார் குழந்தைப் பருவத்திலேயே பிரிந்து போயினார். தாயார் மதுச்சாலையில் வேலைசெய்து மகனை வளர்த்தார். ஆறு வயதிலே குடல்வால் அழற்சி வந்தது. அதற்கான சிகிச்சையின் பின் வயிற்றறையில் நோய் பரவிச் சிறுவன் பல நாள் நினைவிழந்து கிடந்தான். ஏறக்குறைய ஓராண்டு மருத்துவமனை வாசம். எட்டு வயதிலும் எழுத்துக் கூட்டி வாசிக்க இயலாதவனாய், வகுப்புத் தோழருக்கு மிகப் பின்தங்கி நின்றான். ஒருவாறு கற்றுத் தேறி வருகையில், 1953 இல் காசநோய் பற்றியது. மீண்டும் மருத்துவமனை, இம்முறை இரண்டு ஆண்டுகள். அதன்பின் அவன் பள்ளிக்கூடம் திரும்பவேயில்லை.

கல்லூரி மலரிலே, கல்வியை இடையில் விட்டவர் ஒருவரைப் போற்றுவதா எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். ஆனால் அம்மருத்துவமனையும் ஒரு பாடசாலையாயிற்று. நோயுற்ற பிள்ளைகளின் பொழுது போகும்பொருட்டு அங்கு ஒரு வாத்தியக் குழுவை அமைத்திருந்தனர். சிறுவனின் கையிலே நூற்கட்டை ஒன்றினாற் செய்த கோல் கிடைத்தது. கட்டிலருகே நின்ற அலுமாரிகளை அவன் அதனால் தட்டத் தொடங்கினான். வேறெந்த வாத்தியத்திலும் அவனுக்குப் பின்னர் மனஞ் செல்லவில்லை.

புகையிரதப் பகுதியில் ஒரு வேலை, கப்பலிற் பணியாள், தொழிற்சாலையிற் பயிலுநர் என அவர் அலைந்த நாட்களை விரைந்து கடப்போம். 1957 ஆம் ஆண்டு நத்தாரின்போது மாற்றுத் தந்தையாரான ஹரி கிறேவ்ஸ் பழைய முரசுத்தொகுதி ஒன்றை வாங்கி, லண்டனுக்கு அணித்தான றொம்ஃபோர்ட்டிலிருந்து லிவர்ப்பூல் வரை கொண்டுவந்து கொடுத்தார். தாம் பெறாத பிள்ளைக்கு, அயலார் ஏசும் ஓசையை வீட்டுக்குள் வருவித்த அம்மனிதரை நாம் பெரிதும் மதிக்கின்றோம். 1959 இலிருந்து றோரி ஸ்ரோமின் குழுவில் வாசித்துத் தம் நகரிலே பெயர் பெற்றார். விரல்களில் அணிந்த மோதிரங்களாற் கிடைத்ததே றிங்கோ என்னும் பெயர்.

1962 ஓகஸ்ட் மாதத்தில் பீற்றில்ஸ் குழுவினர் பீற் பெஸ்ற் என்னும் தம் முரசொலிப்பவரை நீக்கிவிட்டு றிங்கோவைச் சேர்த்தனர். பீற் பெஸ்றின் அன்பர்கள் வெகுண்டு கூச்சலிட்டனர். அது போதாதென்று, செப்டெம்பர் 4 ஆந் திகதி முதல் இசைத்தட்டுக்கென றிங்கோ வாசித்தது தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினுக்கு நிறைவளிக்கவில்லை. ஒரு வாரத்தின் பின் மீண்டும் ஒலிப்பதிவுக்குச் சென்றபோது, முரசுகளின் முன் அன்டி வைற் என்னும் கூலிக்கலைஞர் அமர்ந்திருந்தார். றிங்கோவின் கையிலே சிறு கஞ்சிராப் போன்றதொன்றைக் கொடுத்தனர். வந்து ஒரு மாதமாகவில்லை; வெளியேற்றப்படும் முறை தமக்கும் வந்துவிட்டதென்றே அவர் அஞ்சினார். ஆயினும் ஒக்டோபரில் முதலில் வெளியான இசைத்தட்டில் இருந்தது அவருடைய அடியே.

அவ்வடியின் இயல்பை இங்கு சற்று விளக்குதல் வேண்டும். மேற்கத்திய முரசுத்தொகுதி வலக்கையருக்கு ஏற்ப வைக்கப்படுவது. கணீரென்று ஒலிக்கும் சிறுமுரசுகள் இடப்புறம் தொடங்க, தடித்த ஒலியுடையவை வலப்புறமாக இறங்கிச் செல்லும். வலக்கையர் அவ்வழியே சரளமாக உருட்டிக்கொண்டு போவர். றிங்கோவோ அதே வலக்கைத் தொகுதியின் முன் அமர்ந்து, பாட்டின் இடைவெளிகளை நிரப்பும்போது இடக்கையால் தொடங்குவார். கை கையைத் தாண்ட வேண்டியிருக்கும். ஓர் இமைப்பொழுது பிந்தும். அந்தச் சிறு தயக்கமே பிறராற் பாவனை செய்ய இயலாத நடையாயிற்று. பயிற்சி மிக்க முரசொலிப்பவர் பலர் அதனைப் போலச் செய்ய முயன்று இடர்ப்பட்டனர். வேகமில்லை, வித்தையில்லை என்று அவரை இகழ்ந்தோரும் உண்டு. ஆயின், ஒலிப்பதிவு நாடாக்களைத் துருவி ஆராய்ந்த மார்க் லூவிசோன் என்னும் வரலாற்றாசிரியர், றிங்கோவின் பிழையால் இடையில் நின்றுபோன ஒலிப்பதிவுகள் மிகச் சிலவே என்று எழுதியுள்ளார். எம்மூர்த் தவிற் கச்சேரிகளில் தனியாவர்த்தனத்துக்காகவே விடியுமட்டும் காத்திருந்து பழகிய எமக்கு, தனித்து வாசிப்பதை வெறுத்த ஒரு முரசொலிப்பவரை விளங்கிக்கொள்ளச் சிறிது காலம் பிடித்தது.

புகழ் வந்த கதையை எல்லாரும் அறிவர். 1964 பெப்ரவரி 9 ஆந் திகதி அமெரிக்கத் தொலைக்காட்சியிலே ஏழு கோடிக்கு மேற்பட்டோர் அவர்களைக் கண்டனர். அவ்வாண்டு யூன் மாதத்தில் தொண்டை நோயால் றிங்கோ வீழ்ந்தார். ஜிம்மி நிக்கல் என்பவர் அவர் இருக்கையில் அமர்ந்து டென்மார்க், நெதர்லாந்து, ஹொங்கொங், அவுஸ்திரேலியா எங்கும் வாசித்தார். மெல்பேண் நகரில் றிங்கோ வந்து சேர்ந்ததும், நிக்கலுக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசளித்து அனுப்பினர். அடுத்த ஆண்டே அவர் கடனில் மூழ்கிப்போனார். இருக்கை ஒன்று, அதிலிருந்து எழுந்தவர், எழுப்பப்பட்டவர் கதைகள் இரண்டு. இவற்றை எண்ணாமல் றிங்கோவின் நற்பேற்றை மாத்திரம் பேசுதல் நேர்மையன்று.

1968 இன் தொடக்கத்தில் நால்வரும் இமயமலைச் சாரலிலுள்ள ரிஷிகேசத்துக்குத் தியானம் பயிலச் சென்றனர். றிங்கோ ஏறக்குறையப் பத்து நாட்களிலே திரும்பிவிட்டார். காரம் மிக்க உணவை அவர் வயிறு ஏற்காது. ஆறு வயது நோயின் மிச்சம் அது. தகரத்திலடைத்த அவரையை அவர் பெட்டியிலே கொண்டுசென்றார் என்பதைச் சொல்லிப் பலர் சிரிப்பர். எமக்குச் சிரிப்பு வருவதில்லை.

அதே ஆண்டு ஓகஸ்டில் அவர் குழுவை விட்டே வெளியேறினார். தமது வாசிப்பு நன்றாயில்லை, மற்ற மூவரும் நெருங்கியிருக்கத் தாம் மாத்திரம் புறம்பானவர் என்ற எண்ணம் அவரை வாட்டியது. ஜோன் லெனனிடம் சென்று இதனைச் சொன்னார். நீங்கள் மூவருமே நெருங்கியவர்கள், நானே புறம்பானவன் என்றல்லவா நினைத்திருந்தேன் என்றார் லெனன். போல் மக்கார்ட்னியின் கதவைத் தட்டினார்; அங்கும் அதே விடை. மூன்றாமவரிடம் போகாமலே குடும்பத்துடன் சார்டினியாத் தீவுக்குப் போய்விட்டார். உலகிலேயே சிறந்த முரசொலிப்பவர் நீரே, திரும்பி வருக எனத் தந்தி சென்றது. செப்டெம்பரில் அவர் மீண்டபோது, ஜோர்ஜ் ஹரிசன் அவருடைய முரசுகள் எங்கும் மலர் சூட்டியிருந்தார்.

1970 இல் குழு பிரிந்தது. பின்னர் தனிப்பாட்டுக்கள், திரைப்படங்கள், நெடுங்காலக் குடிப்பழக்கம். 1988 இல் மனைவியாருடன் சிகிச்சை பெற்று அதனை விட்டொழித்தார். மறுவருடமே புதிய குழுவுடன் மேடையேறினார். 2018 இல் சேர் பட்டம் கிடைத்தது. 2025 இல், எண்பத்து நான்கு வயதில், புதிய இசைத்தொகுப்பு ஒன்றும் வெளிவந்தது.

பீற்றில்ஸ் பதிவுகளில் அவர் தனித்து வாசித்தது ஒரேயொரு முறை. 1969 இல், அதுவும் நண்பர்கள் வற்புறுத்தியதனால், கால் நிமிடம். சென்ற மாதம் எமது பேரன் அதனைத் தன் கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டினான். கேட்டுக்கொண்டே இருந்தோம். அவன் எம்மை உற்றுப் பார்த்து, "அப்பப்பா, ஏன் இடக்கையாலை தட்டுறியள்?" என்றான். வலக்கையிலே பேனா இருந்தது. இக்கட்டுரையைத்தான் எழுதிக்கொண்டிருந்தோம்.